மயில்துத்தமும் திராட்சைக் கொடியும்



மருந்துப் பம்பை முதுகில் சுமக்கும் வேலையை அறியாத தோட்டக் குடும்பம் நம்மிடையே குறைவு. பயிர் நோய்க்கு மருந்து அடித்த பழைய வரலாறு ஒன்றை இன்று பார்ப்போம். நாடு பிரான்சு; பயிர் திராட்சை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரில் தாக்கி அழித்து வந்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் கொடிகளை அமெரிக்காவிலிருந்தே வரவழைத்தார்கள். கொடிகளோடு இன்னொரு நோயும் கப்பலேறி வந்துவிட்டது. அதுதான் அடிச்சாம்பல் நோய். 1878ஆம் ஆண்டில் அது பிரான்சில் காணப்பட்டது. இலையின் அடியில் வெண்பூஞ்சணம் படரும், இலை கருகி உதிரும், பழம் முற்றாது.

1882ஆம் ஆண்டில், போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மெடோக் வட்டாரத்துத் தோட்டமொன்றின் வழியே நடந்தார். மற்றக் கொடிகளில் இலை உதிர்ந்திருக்க, பாதையோரக் கொடிகளில் மட்டும் இலை நின்றது. காரணம் விசாரித்தார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். நீலம் பூத்த பழத்தை யார் வாயில் போடுவார்? திருடனை விரட்டத் தெளித்தது நோயையும் விரட்டிவிட்டது! வேதியியல் அறிஞர் கேயோனுடன் சேர்ந்து சோதித்து, 1885இல் மில்லார்டே அதை வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை.

மயில்துத்தத்திலுள்ள செம்புதான் இலைமேல் படிந்து, பூஞ்சண வித்து முளைக்காமல் தடுக்கிறது. மழை அதைக் கழுவிவிடும். மீண்டும் தெளிக்க வேண்டும். கழுவிய செம்பு எங்கே போகும்? மண்ணுக்குத்தான். அது மக்குவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெளித்த தோட்டங்களில் மேல்மண்ணில் சேர்ந்து, மண்புழுக்களுக்குக் கேடானது. மனிதரும் தப்பவில்லை. போர்த்துகலில் இக்கலவையைப் பல ஆண்டுகள் தெளித்த தொழிலாளர்களின் நுரையீரலில் நோய் இருந்ததை 1969இல் மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள்.

செயற்கை இரசாயனத்தை ஒதுக்கும் இயற்கை விவசாயிகளுக்கும் இந்நோய்க்குச் செம்பே முக்கியத் துணை. அதனால் அடியோடு கைவிடுவது எளிதன்று. எனினும் அளவைக் குறைக்கலாம் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை முறைத் தோட்டங்களுக்கு 2006இல் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 6 கிலோ செம்பு என வரம்பிட்டது. 2019இல் அது 7 ஆண்டுகளுக்கு 28 கிலோ, அதாவது சராசரி 4 கிலோ ஆயிற்று.

எப்படிக் குறைக்கிறார்கள்? வானிலை பார்த்து, மழைக்கு முன்னே சிறிதளவு தெளிக்கிறார்கள். காற்றோட்டத்துக்காக இலைகளைக் கழிக்கிறார்கள். 1967இல் ஜெர்மனியில் கலப்புச் செய்து உருவாக்கிய 'ரீஜென்ட்' போன்ற, நோயைத் தாங்கும் இனங்களை நடுகிறார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள் நம் பெரியோர். மருந்து பயிரைக் காக்கலாம். அடிப்பவரையும் மண்ணையும் காப்பது அளவுதான். நாமும் மருந்து கலக்குமுன் அளவைக் கேட்போம்; முகமூடியும் கையுறையும் கேட்டு வாங்குவோம். கேட்பது குற்றமன்று, நம் உரிமை.