முல்லைத்தீவு வெளிச்சவீடு

முல்லைத்தீவு வெளிச்சவீடு, இலங்கையின் வட மாகாணத்தில், வன்னிப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கரையில் 1896இல் எழுப்பப்பட்ட கடல்விளக்கு. ஏறத்தாழ 20 மீற்றர் உயரமான இதன் கோபுரம் உள்நாட்டுப் போரின்போது, 1996இல் அழிந்தது. தமிழகத்தார் கலங்கரை விளக்கம் என்பதை இலங்கைத் தமிழர் வெளிச்சவீடு என்பர்.

இடச்சூழல்

வன்னி மாவட்டங்களுள் வவுனியாவுக்குக் கடல் இல்லை. கிளிநொச்சியின் பூநகரிக் கரை ஆழங்குறைந்த கடலை ஒட்டியது. முல்லைத்தீவிலோ கொக்கிளாய் தொடங்கி வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு வங்காள விரிகுடா திறந்து கிடக்கிறது. கரை முழுதும் தாழ்ந்த மணல். அதன் பின்னால் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் ஆகிய களப்புகள். குன்றோ பாறைமுனையோ இல்லாததால் கடலில் இருந்து பார்ப்பவருக்கு எல்லா இடமும் ஒன்றுபோலவே தெரியும். வாடைக்காற்றுக் காலத்தில் கலங்கள் கரைப்பக்கம் தள்ளப்படும். அப்படிப்பட்ட கரைக்கு இரவில் ஓர் அடையாளம் இன்றியமையாததாயிற்று.

வரலாறு

ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் முல்லைத்தீவில் கோட்டை வைத்திருந்தனர்; அதனை 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கைப்பற்றினான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுமையாகத் தொடருந்துப் பாதை அமைந்தது 1905இல்தான். அதுவரை வடபகுதிப் போக்குவரத்தில் கடல்வழிக்குப் பெரும் பங்கு இருந்தது. திருகோணமலைப் பக்கத்துப் பவுல் முனையில் 1863இலும், காங்கேசன்துறையில் 1893இலும் வெளிச்சவீடுகள் எழுந்தன. இடையே நீண்டு கிடந்த இருட்டை முல்லைத்தீவு விளக்கு குறைத்தது. இன்றுள்ள பருத்தித்துறை வெளிச்சவீடு இதற்கு இருபது ஆண்டுகள் இளையது.

கோபுரம் உருக்குச் சட்டங்களால் ஆனது. இத்தகைய அமைப்பு பாரம் குறைந்தது. காற்று ஊடே புகுந்து போய்விடும். மணற்கரைக்கு ஏற்றது.

அழிவும் பின்னும்

1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் கடும் சண்டையின்பின் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. நூறாண்டு கண்ட வெளிச்சவீடும் அவ்வாண்டோடு மறைந்தது. இனமோ மொழியோ கேளாமல், கடலில் நின்ற எவருக்கும் எரிந்த விளக்கு அது. போர் தின்ற பொதுச் சொத்துகளின் கணக்கில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

பத்தாண்டு கழித்து, 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச்சென்ற ஜோர்தானியக் கப்பலான பரா-3 இயந்திரக் கோளாறால் மிதந்துவந்து இக்கரையில் தட்டியது. முள்ளிவாய்க்காலில் துருவேறி நின்ற அதன் உடல், பல ஆண்டுகள் அந்த வெறும் மணற்கரைக்கு அடையாளமாய் இருந்தது.