நிறம், மணம், சுவை மாறாத நஞ்சு: வங்கதேசக் கிணறுகள் தரும் பாடம்

நிறைந்த தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும் அதன் நிறம், மணம், சுவை மாறாதவரை அது சுத்தமானது என்று ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். உளூவுக்கும் குளிப்புக்கும் இந்த அளவுகோல் போதும். குடிப்பதற்கும் போதுமா? வங்கதேச மக்களின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது.

காப்பாற்ற வந்த கிணறு

குளத்து நீரைக் குடித்துக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, 1970களில் யுனிசெஃப் உதவியோடு அங்கே ஊர் ஊராக அடிபம்புகள் போடப்பட்டன. பிறகு மக்களே தங்கள் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆனால், அதில் ஆர்சனிக் எனும் நஞ்சு கலந்திருப்பது 1993இல்தான் அங்கே உறுதியானது. உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பு, தோலில் கரும்புள்ளிகள், பல ஆண்டுகள் குடித்தால் புற்றுநோய் என்று அதன் பாதிப்பு நீள்கிறது. தொற்றுநோய் என்று தவறாக எண்ணிப் பாதிக்கப்பட்டவர்களை ஒதுக்கிவைத்த கொடுமையும் நடந்தது.

ஆய்வு சொன்னது என்ன?

இந்த நஞ்சை யாரும் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டி அது இருந்தது. நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேச அரசின் வரம்பு 50. பல லட்சம் கிணறுகளைச் சோதித்து, வரம்பைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். ஒரு வீட்டில் சிவப்பு என்றால், சில பத்து மீட்டர் தள்ளி அடுத்த வீட்டில் பச்சையாக இருந்ததும் உண்டு. அங்கே அண்டை வீட்டாருக்குத் தண்ணீர் கொடுப்பது உயிரைக் காக்கும் செயலாயிற்று.

குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியல் பேராசிரியர் அபுல் ஹுஸாம், மின்சாரம் தேவைப்படாத 'சோனோ' வடிகட்டியை உருவாக்கினார். மணல், பக்குவப்படுத்திய இரும்புத் துகள், மரக்கரி, செங்கல் சல்லி ஆகியவையே அதன் பொருட்கள். ஆர்சனிக்கை மண்ணில் பிடித்துவைத்திருந்த அதே இரும்பைக் கொண்டு அதைத் திரும்பப் பிடிக்கும் முறை இது. இதற்காக 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதெமி வழங்கிய 10 லட்சம் டாலர் பரிசில் பெரும்பகுதியை, வடிகட்டிகளை மக்களுக்குக் கொடுக்கவே அவர் ஒதுக்கினார்.

நமக்குரிய கடமை

மறைந்த தம் தாயாருக்காக ஸஅது பின் உபாதா (ரலி) அவர்கள் கிணறு வெட்டியதை நாம் அறிவோம். அந்த வழியில் நம் ஜமாஅத்துகளும் குடும்பங்களும் ஆழ்துளைக் கிணறு போட்டு ஸதகத்துல் ஜாரியா செய்கின்றன. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃப்ளோரைடும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

எனவே கிணறு போடும் செலவோடு தண்ணீர்ப் பரிசோதனைச் செலவையும் சேர்த்தே ஒதுக்குவோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். முடிவு வந்த பிறகே அதைக் குடிநீர் என்று அறிவிப்போம். தண்ணீர் தரமில்லை என்றால், புழக்கத்துக்கு மட்டும் என்று பலகையில் எழுதி வைப்போம்.

நம் தர்மம் பிறருக்குத் தீங்காகிவிடாமல் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.