சனகை எது? – நன்னூலார் வகுத்த வாதச் சொற்களும் ஓர் ஊர்வழக்கும்

முன்னுரை

ஒரு கருத்தை நாட்டவும், அதற்குச் சான்று காட்டவும், மாற்றார் கருத்தை மறுக்கவும் தமிழில் தனிச்சொற்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இவற்றை நூலாசிரியர்க்குரிய ஒழுங்காக வகுத்துரைத்தவருள் ஒருவர் பவணந்தி முனிவர். அவருடைய ஊராகிய சனகை எது என்பதே இன்றும் வாதத்திற்குரியதாக உள்ளது. அவ்வாதத்தை அவர்தம் சொற்களாலேயே எடை போடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாதச் சொற்கள்

மணிமேகலையின் 29ஆம் காதை வாதத்தின் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்தாகக் கூறுகிறது. நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்குரிய காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம், அதனைப் பொருளொடு பொருத்துவது உபநயம், முடிபு நிகமனம். இவை சமயவாதிகளின் களத்தில் வழங்கிய சொற்கள்.

நன்னூலின் பாயிரம் கூறும் எழுவகை மதம், நூல் செய்வோனுக்கு உரியது. பிறர் கொள்கைக்கு உடன்படுவதும் அதனை மறுப்பதும் முதல் இரண்டு. பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின் களைவது மூன்றாவது. தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துவதும், இருவர் மாறுபாட்டில் ஒன்றனைத் துணிவதும், பிறர் நூற்குற்றம் காட்டுவதும், பிறிதொடு சாராது தன்மதம் கொள்வதும் ஏனையவை. இவற்றுள் மூன்றாவது சிறப்பாகக் கருதத்தக்கது. மாற்றார் கூற்றை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொண்ட பின்னரே அதனைக் களையும் உரிமை உண்டு என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் கையாளும் 'என்பாரும் உளர்', 'அற்றேல்', 'அங்ஙனமன்று', 'என்னை?' முதலிய தொடர்களும், கடா, விடை என்னும் சொற்களும் இம்முறையின் நடைமுறைக் கருவிகளே.

சனகை வழக்கு

நன்னூலின் சிறப்புப்பாயிரம் பவணந்தியைச் சனகையோடும், நூல் செய்வித்தோனைச் சீயகங்கன் என்னும் பெயரோடும் இணைக்கிறது. அமராபரணன் எனவும் வழங்கப்பெற்ற சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தவன்; குவளாலபுரம், அதாவது கோலார், அவன் குலத்தின் ஊர்.

ஈரோடு மாவட்டத்துச் சீனாபுரமே சனகை என்பது ஒரு பக்கம். கொங்குமண்டல சதகம் பவணந்தியைக் கொங்குநாட்டார் எனப் போற்றுவதும், அவ்வூரில் சமணக் கோயில் உள்ளமையும் இதற்கு ஏது. கொள்ளேகாலுக்கு அண்மையில் காவிரிக்கரையில் உள்ள தலைக்காட்டின் எதிர்க்கரையூரான மாலங்கி, சனநாதபுரம் எனவும் பெயர் பெற்றிருந்தது. அதுவே சனகை என்பது மற்றொரு பக்கம். சனநாதன் என்பது முதலாம் இராசராசனின் சிறப்புப்பெயர். தலைக்காடும் அவன் பெயரால் இராசராசபுரம் எனப்பட்டது.

1116–17 அளவில் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றினான். ஆகலின் அங்குத் தமிழாசிரியர் தோன்றியிருத்தல் யாங்ஙனம் எனின், ஆட்சி மாறிய பின்னரும் போசளர் காலத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன என்பது விடை. ஆயினும் சனநாதபுரம் சனகை ஆவதில் ககரம் வந்தவாறு விளங்கவில்லை. புதுச்சேரி புதுவையாயிற்று எனின், அங்ஙனமன்று. ஈருயிர்க்கிடையே வகரம் தோன்றுதல் எளிது, ககரம் அவ்வாறு தோன்றாது. இத்தடை சீனாபுரத்திற்கும் ஒக்கும். சீயகங்கனின் ஊர் கோலார் என்பதும் இரு பக்கத்திற்கும் துணையாகாது. நூல் செய்வித்தோன் ஊர் நூல் செய்தோன் ஊராதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

எல்லையும் ஏதுவும்

இன்றைய மாநில எல்லையை ஏதுவாகக் கொள்வது முற்றிலும் பொருந்தாது. கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; மொழிவழி மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது; 1997இல் சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஒரே ஊர் அரை நூற்றாண்டுக்குள் இத்தனை எல்லை மாறியிருக்க, 13ஆம் நூற்றாண்டுப் புலவரைக் கன்னட நாட்டார் எனவும் தமிழ்நாட்டார் எனவும் இன்றைய வரைபடத்தால் பிரிப்பது ஏதுவின்றி நிகமனம் கூறுவதாகும். கங்கர் குலத்தான் ஒருவன் தமிழிலக்கணம் செய்வித்தான் என்பதே, அக்காலத்தில் மொழி எல்லையும் ஆட்சி எல்லையும் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

முடிவுரை

சனகை பற்றிய இரு பக்கங்களுள் சீனாபுரத்திற்கு மரபுச் சான்றும், சனநாதபுரத்திற்குப் பெயர்ச் சான்றும் உள்ளன. இரண்டிற்கும் ஒலித்தடை உண்டு. ஒருதலை துணிவதற்கு இவை போதா. சான்று போதாத இடத்துத் துணிபு கூறாமல், இரு பக்கத்தின் வன்மை மென்மைகளையும் உள்ளவாறு உரைப்பதே ஆராய்ச்சியாளர் கடன். ஊர் உரிமைக்காக வாதிடுவோர் அவ்வூரார் வகுத்த வாத நெறியைக் கைவிடுவது, அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது.