ஆடாதோடையும் வறட்டிருமலும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருமலுக்கான கைமருந்து எனும்போது நினைவுக்கு வரும் செடிகளுள் ஆடாதோடையும் ஒன்று. ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர்க்காரணம் என்பர். அது வறட்டிருமலைத் தணிக்கும் என்னும் நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சான்று எத்துணையது என்பதையே ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

முதற்கண் பெயர்ச்சிக்கல் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். சிங்களத்தில் இச்செடி ‘பாவட்டா’ எனப்படும். தமிழ் மூலிகை நூல்களில் பாவட்டை எனப்படுவதோ வேறொரு தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. இருமொழியும் வழங்கும் கிழக்கில் இவ்வொலியொப்புமை தவறான இலையைக் குடிநீரிற் சேர்ப்பித்துவிடக்கூடும்.

ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்னும் காரப்போலியை 1888 இல் பிரித்தறிந்தவர் டேவிட் ஹூப்பர். அவர் உதகமண்டலத்தில் சென்னை அரசின் கொயினைன் ஆய்வாளராகப் பணியாற்றியவர். வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாக ஆக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963 இல் ஐரோப்பிய மருந்துச் சந்தைக்கு வந்தது. கிராமத்துப் பரிகாரிமாரின் அனுபவ அறிவு இவ்வாறு தொழிற்சாலைப் பண்டமாயிற்று; அவ்வறிவுக்கு உரியோர் அதனை விலைகொடுத்து வாங்குவோராயினர்.

எனினும், இப்பெருமையை வறட்டிருமலுக்கான சான்றாகக் கொள்வது பொருந்தாது. புரோம்ஹெக்சின் கோழையை இளக்குவது; வறட்டிருமலிலோ வெளியேற்றுதற்குக் கோழையில்லை. இதற்கு நெருங்கிய சான்று, 1999 இல் வெளியான விலங்குப் பரிசோதனையே. உறுத்தும் ஆவியால் இருமலூட்டப்பட்ட கினிப்பன்றிகளுக்கு வாய்வழி கொடுக்கப்பட்ட ஆடாதோடைச் சாறு, கோடீனுக்கு ஒப்பாக இருமலைத் தணித்தது. நாளத்தினூடாகச் செலுத்தியபோதோ அதன் வலு கோடீனின் இருபதில் ஒரு பங்குக்கும் மேற்படவில்லை. மனிதரிடத்து நிகழ்ந்த சில சோதனைகளில் ஆடாதோடை பிற மூலிகைகளுடன் கலந்தே கொடுக்கப்பட்டமையால், பயன் எதனுடையது எனப் பிரித்துரைத்தல் அரிது.

இவ்வினா வெறும் ஏட்டுவினாவன்று. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பினது. கருவுற்ற பெண்ணுக்கு இக்குடிநீர் தீங்காகலாம். இரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கைமருந்தை நம்பிச் சளிப் பரிசோதனையைத் தாமதித்தல் உயிருக்கு ஆபத்தாக முடியும்.

மரபை வழிபடுவதும் இகழ்வதும் ஆய்வாகா. கிழக்குப் பல்கலைக்கழகம் மட்டக்களப்பில் மேலை மருத்துவத்தையும் திருகோணமலையில் சித்த மருத்துவத்தையும் கற்பிக்கின்றது. இவ்விரு துறைகளும் ஒன்றிணைந்து, செடியை ஐயமற இனங்கண்டு, வறட்டிருமலை வேறாக வகுத்துச் சோதித்தல் வேண்டும். பரிகாரிமாரின் அறிவுக்கு நாம் செலுத்தத்தக்க மெய்யான மதிப்பு அதுவே எனலாம்.