ஒரு காலத்தில் துபாயிலும் நம்ம ரூபாய்தான்! திர்ஹாம் 2 ரூபாயில் இருந்து 24 ரூபாய்க்கு ஏறிய கதை

மேடவாக்கம்,

"இன்னிக்கு ரேட் என்னங்க?"

"இருபத்து நாலரை வந்துடுச்சு. இன்னிக்கே போட்டுடவா?"

துபாயில் கணவர், மேடவாக்கத்தில் மனைவி. மாதம் பிறந்தால் போனில் முதல் பேச்சு இதுதான். மேடவாக்கம், பள்ளிக்கரணை, தாம்பரம் பகுதிகளில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போனவர்களின் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ், நகைக்கடன் வட்டி எல்லாம் இந்த ரேட்டை நம்பித்தான். ஆனால் ஒரு காலத்தில் துபாய்க்கு ரேட் பார்க்கும் வேலையே இல்லை. காரணம், அங்கேயும் செலாவணியில் இருந்தது இந்திய ரூபாய்தான்! இதன் விவரம் வருமாறு:-

தங்கத்தால் வந்த தனி நோட்டு

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் துபாய், அபுதாபி, கத்தார், பஹ்ரைன், குவைத் மக்கள் கடைத்தெருவில் ரிசர்வ் வங்கி அச்சடித்த ரூபாய் நோட்டைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். இங்கிருந்து கட்டுக்கட்டாக நோட்டை அங்கே கடத்தி, தங்கம் வாங்கி, திருட்டுத்தனமாக இந்தியாவுக்கு கொண்டுவந்தது ஒரு கூட்டம். அங்கே குவிந்த நோட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி பிரிட்டிஷ் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. அன்னிய செலாவணி கரைந்தது.

இதை தடுக்க 1959-ல் "வளைகுடா ரூபாய்" என்று தனி நோட்டு வந்தது. நிறம் வேறு, மதிப்பு மட்டும் அதே ஒரு ரூபாய். இந்த நோட்டு இந்தியாவுக்குள் செல்லாது.

ஒரே நாளில் கவிழ்ந்தது

1966 ஜூன் 6-ந்தேதி இந்திய அரசு ரூபாயின் மதிப்பை குறைத்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. வளைகுடா ரூபாயும் கூடவே விழுந்தது. 'இந்த சகவாசமே வேண்டாம்' என்று துபாயும் கத்தாரும் ரியாலுக்கு மாறின. அபுதாபி, பஹ்ரைன் தினாரை எடுத்துக்கொண்டது. 1971-ல் ஐக்கிய அரபு அமீரகம் உருவாகி, 1973 மே மாதம் திர்ஹாம் அறிமுகம் ஆனது. அன்று ஒரு திர்ஹாம் சுமார் 2 ரூபாய்!

1,000 திர்ஹாம் அனுப்பினால்...

வீட்டுக்கு கிடைத்த தொகை (சுமாராக):

1973 - ரூ.2,000
1991 ஜூன் - ரூ.5,700
1991 ஜூலை - ரூ.7,000
2008 ஜனவரி - ரூ.10,700
2013 ஆகஸ்டு கடைசி - ரூ.18,700
2022 அக்டோபர் - ரூ.22,600
2025 டிசம்பர் - ரூ.24,500

1991-ல் ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறியது எப்படி? அப்போது நாட்டின் கையிருப்பு டாலர் சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு முறை ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. 1993-ல் இருந்து அரசு ரேட்டை நிர்ணயிப்பது இல்லை. சந்தைதான் முடிவு செய்கிறது.

திர்ஹாம் ஏறவில்லை, ரூபாய் இறங்கியது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 1997-ல் இருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரகம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அதனால் திர்ஹாம் தானாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ரூபாய்க்கும் டாலருக்கும் நடக்கும் இழுபறிதான் நம் வீட்டு ரேட். டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாம் ரேட் வந்துவிடும்.

ரேட் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2002-ல் 13 ரூபாய்க்கு மேல் இருந்த திர்ஹாம், 2008 ஜனவரியில் 10 ரூபாய் 70 காசுக்கு வந்தது. 13 ரூபாய் கணக்கு போட்டு, வட்டிக்கு கடன் வாங்கி விமானம் ஏறியவர்களுக்கு 1,000 திர்ஹாமுக்கு 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. அங்கே உழைப்பு அதேதான், சம்பளமும் அதேதான். இங்கே கடன்காரருக்கு கட்ட வேண்டிய வட்டியும் குறையவில்லை.

பக்கத்து வீட்டுக்கு என்ன?

ரூபாய் விழுந்தால் துபாய் வீட்டுக்கு கொஞ்சம் கூடுதல் பணம். ஆனால் கச்சா எண்ணெய், சமையல் கியாஸ், பாமாயில் எல்லாம் நாடு டாலர் கொடுத்து வாங்குவது. அந்த விலை மளிகைக்கடை வரை வந்து சேரும். வெளிநாட்டில் ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்கு வரவு ஏறாது, செலவு மட்டும் ஏறும்.

அனுப்புவோர் கவனத்துக்கு

* ரேட்டோடு கமிஷனையும் சேர்த்து பார்க்க வேண்டும். திர்ஹாமுக்கு 10 காசு குறைத்து கொடுத்தாலே ஆயிரத்துக்கு 100 ரூபாய் போச்சு.

* ரேட் ஏறட்டும் என்று வட்டி கட்டாமல் காத்திருந்தால், கிடைக்கும் லாபத்தை வட்டியே தின்றுவிடும்.

* "உண்டியல்" எனப்படும் ஹவாலாவில் ஓரிரு காசு கூட கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் கேட்க ரசீதும் இருக்காது.

2025 டிசம்பரில் டாலர் முதன்முறையாக 90 ரூபாயை தாண்டியது. 1966 ஜூன் 5-ந்தேதி வரை 5 ரூபாய்க்குள் கிடைத்த அதே டாலர்தான் இது என்பது குறிப்பிடத்தக்கது.