நௌஷாத் (சமையற்கலைஞர்)

நௌஷாத் (மறைவு: 27 ஆகஸ்ட் 2021) கேரள மாநிலம் திருவல்லாவைச் சேர்ந்த சமையற்கலைஞர், தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர், திரைப்படத் தயாரிப்பாளர். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் நடந்துவந்த பெருஞ்சமையலை மலையாளச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ‘பிக் செஃப்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டார்.

பின்னணி

மலையாளத்தில் சமையல் குறிப்பு முதலில் அச்சில்தான் வேரூன்றியது. 1950களிலிருந்து மலையாள மனோரமா நாளிதழில் எழுதிவந்த திருமதி கே.எம். மாத்யூ, 1975இல் தொடங்கிய ‘வனிதா’ இதழின் ஆசிரியராகவும் இருந்து வீட்டுச் சமையலுக்குப் பெரும் வாசகர் வட்டத்தை உருவாக்கினார். 1993இல் ஏஷியாநெட், 1998இல் சூர்யா, 2000இல் கைரளி எனத் தனியார் அலைவரிசைகள் வந்தபின் சமையல், அன்றாட நிகழ்ச்சிகளில் ஒன்றானது. இந்தியில் சஞ்சீவ் கபூர் நட்சத்திர ஓட்டல் சமையலறையிலிருந்து வந்தார். கைரளியில் லட்சுமி நாயர் வீட்டுப் பக்குவத்தோடு வந்தார். நௌஷாத் வந்த வழி வேறு.

பந்தலிலிருந்து திரைக்கு

அவருடைய தந்தை திருவல்லாவில் உணவகமும் கேட்டரிங் தொழிலும் நடத்திவந்தார். நௌஷாத் அத்தொழிலை ஏற்று விரிவாக்கினார். திருமண விருந்துகளில், குறிப்பாகப் பிரியாணியில், அவர் பெயர் நிலைத்தது.

கேரளத்தின் முஸ்லிம் கல்யாண வீடுகளில் பிரியாணி சமைப்பவரைப் ‘பண்டாரி’ என்பார்கள். மலபாரைப் போலவே கொச்சியின் மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல் வட்டாரத்திலும் இது பழகிய பெயர். தமிழ்நாட்டில் ஆம்பூரும் திண்டுக்கல்லும் சீரகச் சம்பாவை நம்புவதுபோல், அங்கே சிறுமணியான கைமா அரிசி. நெய்யில் பொரித்த வெங்காயம், முந்திரி, திராட்சை ஒருபுறம் தயாராக இருக்கும். மசாலாவில் வெந்த இறைச்சியின் மேல் சோற்றை அடுக்கி, மூடியின் விளிம்பில் பிசைந்த மைதாவை ஒட்டி, மேலே தணலைப் பரப்பித் தம் போடுவார்கள். தம் போட்டபின் திறந்து பார்க்கவோ திருத்தவோ முடியாது. உப்பும் தண்ணீரும் முன்பே கணக்காக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் இத்தகைய கைக்கணக்கைப் பழகிய ஒருவர், நான்கு பேர் சாப்பிடும் அளவுக்குக் குறைத்துத் திரையில் சொன்னதே நௌஷாத் நிகழ்ச்சிகளின் தனித்தன்மை.

திரைப்படத் தயாரிப்பு

திருவல்லாக்காரரான பிளெஸ்ஸி இயக்கிய முதல் படம் ‘காழ்ச்ச’ (2004). நௌஷாத் இதைக் கூட்டாகத் தயாரித்தார். குஜராத் நிலநடுக்கத்தில் குடும்பத்தை இழந்த சிறுவனுக்கும் குட்டநாட்டில் திரைப்பட புரொஜெக்டர் இயக்கும் ஒருவருக்கும் இடையிலான உறவே கதை. இப்படத்துக்காக மம்மூட்டி கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பெற்றார். ‘சட்டம்பிநாடு’ (2009), ‘பெஸ்ட் ஆக்டர்’ (2010) ஆகியவையும் நௌஷாத் தயாரித்தவை. லால் ஜோஸ் இயக்கத்தில் அவர் தயாரித்த ‘ஸ்பானிஷ் மசாலா’வில் (2012), ஸ்பெயினில் சிக்கிக்கொண்ட மலையாளி மிமிக்ரி கலைஞன் சமையல்காரனாகப் பிழைக்கிறான்.

மறைவு

நீண்ட நாள் சிகிச்சையில் இருந்த நௌஷாத் திருவல்லாவில் காலமானார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவருடைய மனைவி மாரடைப்பால் இறந்திருந்தார். தம்பதிக்கு ஒரு மகள்.

மதிப்பீடு

தமிழில் ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியால் அறியப்பட்டு 2012இல் இளவயதில் மறைந்த ஜேக்கப் சகாயகுமார் அருணியைப்போல், நௌஷாத்தும் வட்டார உணவைத் திரையில் பெருமையோடு முன்வைத்தவர். விருந்தை உண்பவர்கள் சமைத்தவரின் பெயரை விசாரிப்பது அரிது. அந்தத் தொழிலிலிருந்து வந்த ஒருவரை மாநிலமே பெயர் சொல்லி அறிந்ததுதான் அவர் விட்டுச்சென்ற பெரிய மாற்றம்.