ஷொரனூரிலிருந்து பெங்களூர் வரை: 'அகம்' இசைக்குழுவின் கதை

பாலக்காட்டுக்காரர் என்றால் ஒன்று சமையல், இல்லாவிட்டால் சங்கீதம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சமையலைப் பற்றி வேறொரு மலரில் பார்த்துக்கொள்ளலாம். சங்கீதத்தில், அதுவும் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்ளும் ராக் இசையில், ஒரு பாலக்காட்டுப் பிள்ளை என்ன செய்தார் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கணவாய் வழியாகக் காற்று மட்டுமா வந்தது? தமிழும் வந்தது, பாட்டும் வந்தது. செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896-1974) மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் (1912-1981) அந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனைமலையில் பிறந்து அதே மாவட்டத்தின் வழியே மேற்கே போகும் பாரதப்புழையின் கரையில் இருக்கிறது ஷொரனூர். நமக்கு அது ரயில் மாறும் ஜங்ஷன். 'அகம்' குழுவின் பாடகரும் வயலின் கலைஞருமான ஹரீஷ் சிவராமகிருஷ்ணனுக்குச் சொந்த ஊர்.

கேரளத்துக்கு ராக் புதிதல்ல. 1970களின் இறுதியில் கொச்சியில் தோன்றிய '13 ஏ.டி.' ஆங்கிலத்தில் பாடியது. 1996இல் அங்கேயே தொடங்கிய 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் கிதாரில் கர்நாடக கமகங்களை வாசித்துக் காட்டினார். 'அவியல்' மலையாளத்திலேயே ராக் பாடி, 2008இல் இசைத்தொகுப்பு வெளியிட்டது. ஆனால் கீர்த்தனையையே எடுத்து நடுவில் வைத்தது அகம்தான் என்பேன்.

2003இல் பெங்களூரில் உருவானது இக்குழு. ஹரீஷ் பிலானியில் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தவர். உடன் சேர்ந்த சுவாமி சீதாராமன் (கீபோர்டு, பாடலாசிரியர்), பிரவீண் குமார் (கிதார்), கணேஷ்ராம் நாகராஜன் (டிரம்ஸ்) முதலியோரும் பெரும்பாலும் அலுவலகம் போகிறவர்களே. அந்தக் காலத்தில் ராஜாவும் கோயிலும் வித்வானுக்குப் படியளந்தார்கள். பிறகு சபாக்கள், அதன்பின் சினிமா. அதே பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் ஆண்டுக்கணக்காகப் பாடிவந்த இருளர் சமூகத்துப் பாடகி நஞ்சியம்மாவை வெளியுலகம் அறிந்தது 2020இல் 'அய்யப்பனும் கோஷியும்' படம் வந்த பிறகுதானே? தேசிய விருது 2022இல் அறிவிக்கப்பட்டது. அகத்துக்கோ மாதச் சம்பளமே புரவலர். யாரிடமும் வாய்ப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை; பிடித்ததை வாசிக்கலாம். இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் வாய்க்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2007இல் சன் தொலைக்காட்சியில் ஏ.ஆர். ரகுமான் நடுவராக இருந்த 'ஊ ல ல லா' போட்டியில் வென்றபோது தமிழ் வீடுகளுக்கு இவர்கள் பெயர் தெரிந்தது. முதல் தொகுப்பு 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' வந்தது 2012இல். ஐந்து வருடம்! சினிமாக்காரர் காத்திருப்பாரா? அதே வருடம் கோக் ஸ்டூடியோவில் 'மல்ஹார் ஜாம்' பாடினார்கள். இரண்டாவது தொகுப்பு 2017, மூன்றாவது 2025.

முதல் தொகுப்பில் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவைக் கேளுங்கள். தில்லானாவில் ஜதிச் சொற்கள்தானே பிரதானம். அவை டிரம்ஸோடு சண்டை போடாமல் ஒட்டிக்கொள்கின்றன. கேரளத்து வஞ்சிப்பாட்டின் துடுப்புத் தாளத்தை எடுத்து 'தி போட் சாங்' செய்தார்கள். இரண்டாவது தொகுப்பில் தியாகராஜரின் நளினகாந்தி ராகக் கீர்த்தனையான 'மனவ்யாலகிஞ்சரா' கிதார் முழக்கத்தோடு வருகிறது. ராகம் கலையவில்லை, வேகமும் சத்தமும்தான் கூடியிருக்கின்றன. எனக்கே சில இடங்களில் டிரம்ஸ் சாகித்யத்தை விழுங்கிவிடுகிறது என்ற குறை உண்டு.

எங்கள் வீட்டில் இது ஒரு வழக்காகவே நடந்தது. "கீர்த்தனையை இப்படிப் போட்டு உடைக்கறாளே!" என்றார் என் மாமியார். பாட்டு வகுப்புக்குப் போக மாட்டேன் என்று இரண்டு வருடமாக அடம்பிடித்த என் மகளோ, "பாட்டி, இது என்ன ராகம்?" என்று கேட்டாள். பாட்டி ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, நளினகாந்தியின் ஆரோகணத்தைப் பாடிக் காட்டினார். இப்போது சனிக்கிழமை காலையில் இருவரும் உட்கார்ந்து பாடுகிறார்கள். மத்தியானம் கிதார் சத்தம் கேட்கிறது. மாமியார் கதவை மட்டும் சாத்திக்கொள்கிறார்.